குளிர்பதனக் கிடங்கில் வைத்த கேரட் ஏன் அழுகியது?

நீலகிரியிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவருடைய கணவரும் கொழுந்தனாரும் சொந்த நிலத்திலும் குத்தகை நிலத்திலும் கேரட் போடுகிறார்கள். கணக்கு வழக்கு இவர் பொறுப்பு. போன அறுவடையின்போது விலை விழுந்து கிடந்ததால், இரண்டு மாதம் பொறுத்து விற்கலாம் என்று 8 டன் கேரட்டை மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வைத்திருக்கிறார்கள். மழைக்கு நடுவே பிடுங்கிய கேரட் அது. மிஷினில் கழுவி, ஈரம் வடிவதற்குள் பாலித்தீன் பையில் போட்டுச் சாக்கில் கட்டியிருக்கிறார்கள். பாதியில் பை தீர்ந்துவிட, மீதியை வலைச் சாக்கில் போட்டிருக்கிறார்கள். மதியம் ஏற்றிய லோடு மறுநாள் மாலைதான் கிடங்கில் இறங்கியிருக்கிறது. அறை வாசலில் இருந்த மீட்டர் 4 டிகிரி காட்டியதாம்.

எட்டு வாரம் கழித்துத் திறந்தபோது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கெட்டிருந்தது. சில மூட்டைகளின் நடுவில் வெள்ளைப் பஞ்சு படர்ந்து, அதில் கறுப்பு மணிகள் இருந்தன. பாலித்தீன் பை மூட்டைகளில் பல கேரட்டுகள் மேல் கறுப்புத் திட்டுகள். காற்றாடிக்கு எதிரே இருந்த வலைச் சாக்குகளில் கேரட் சுருங்கிச் சாம்பல் நிறப் பூஞ்சணம் பூத்திருந்தது. பார்வைக்கு நன்றாக இருந்த கேரட்டும் கசந்தது. அதே அறையில் ஆப்பிள் பெட்டிகளும் இருந்திருக்கின்றன.

கிடங்குக்காரர், “உங்க சரக்கு வரும்போதே சரியில்லை” என்கிறார். ராத்திரியில் கிடங்கின் குளிர்பதன மிஷினை நிறுத்தியிருப்பார்கள் என்று குடும்பத்தில் எல்லோருக்கும் சந்தேகம். மருந்துக் கடையில், அடுத்த முறை பூஞ்சாணக் கொல்லியில் முக்கி வைக்கச் சொல்கிறார்கள். கெட்ட பகுதியை வெட்டிவிட்டு ஓட்டலுக்குக் கொடுக்கலாம், மிச்சத்தை மாட்டுக்குப் போடலாம், அழுகலைத் தோட்டத்துக்கு உரமாக்கலாம் என்பது கொழுந்தனாரின் யோசனை. “இது யார் தவறு, நஷ்டஈடு கேட்க முடியுமா, இருப்பதை என்ன செய்வது, இனிமேல் கேரட்டைக் கிடங்கில் வைக்கலாமா கூடாதா?” என்று கேட்டிருக்கிறார்.

தாவர நோயியல் நிபுணரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஒரு பருவத்து உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு போவது சின்ன நஷ்டமல்ல. அந்த நேரத்திலும் எந்த மூட்டை எங்கே இருந்தது, எதில் என்ன கண்டீர்கள் என்று வரிசையாக எழுதி, படமும் எடுத்து வைத்திருக்கிறீர்கள். குத்தகை நிலத்து மூட்டைகளுக்குத் தனியாகச் சிவப்புக் கயிறு கட்டியிருந்ததையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இந்தக் குறிப்புகள் இல்லாவிட்டால் என்னால் பொதுவாக நாலு வார்த்தைதான் சொல்லியிருக்க முடியும்.

முதலில் உங்கள் வீட்டிலும் கிடங்கிலும் மருந்துக் கடையிலும் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தைத் திருத்த வேண்டும். குளிர் பூஞ்சையைக் கொல்லாது. அதன் வேகத்தை மட்டும் குறைக்கும். சில பூஞ்சைகளை ஏறக்குறைய நிறுத்தியே வைக்கும். சில பூஞ்சைகள் பூஜ்ஜியம் டிகிரியிலும் மெல்ல மெல்ல வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் கிடங்கில் காணும் அழுகலின் கதை பெரும்பாலும் கிடங்கில் ஆரம்பிப்பதில்லை. தோட்டத்திலோ, கழுவும் இடத்திலோ, லாரியிலோ ஆரம்பித்து, கிடங்கில்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. உங்கள் விஷயத்தில் ஒரே நோய் 8 டன்னையும் கெடுக்கவில்லை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் குறைந்தது மூன்று பூஞ்சைகளும், பூஞ்சையே அல்லாத இன்னொரு கோளாறும் சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் வந்த வழி வேறு, பொறுப்பும் வேறு.

படத்தை மட்டும் வைத்து நான் சொல்வது அனுமானம்தான். பரிசோதனைக் கூடம்தான் உறுதி செய்ய வேண்டும். ஆனால் அடையாளங்கள் தெளிவாகவே இருக்கின்றன.

வெள்ளைப் பஞ்சும் கறுப்பு மணியும்

இது ஸ்கிளிரோட்டினியா என்ற பூஞ்சையின் வேலை. வேறு எதோடும் குழப்பிக்கொள்ள முடியாத முகம் இதற்கு. பஞ்சுபோல வெள்ளையாகப் படரும், கேரட் நீர்விட்டு மெத்தென்று ஆகும், பிறகு அந்தப் பஞ்சே இறுகிக் கறுப்பு மணிகளாகும். ஆரம்பத்தில் நாற்றம் அதிகம் இருக்காது. அதனால்தான் மூட்டையை வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை.

அந்தக் கறுப்பு மணிகள்தான் நோயின் விதை. மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஈரமும் குளிர்ச்சியும் சேர்ந்தால் முளைத்து வித்துகளைக் காற்றில் விடும். அவை கேரட்டின் பழுத்துச் சாய்ந்த கீழ் இலைகளில் இறங்கி, தண்டு வழியாகக் கேரட்டின் தலைப்பகுதிக்கு வரும். அறுவடையன்று கேரட் நன்றாகவே தோன்றும். கிடங்குக்குள் போனபின் ஒரு கேரட்டிலிருந்து அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடுத்த கேரட்டுக்கு இழை பரவும். மூட்டையின் நடுவில் கூடு கட்டியதுபோல் ஓரிடத்தில் கொத்தாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குக் காரணம் இதுதான். 4 டிகிரியில் எட்டு வாரம் அதற்குப் போதுமான காலம்.

நீங்கள் கண்ட பஞ்சு மூட்டைகள் ஏறக்குறைய எல்லாமே சிவப்புக் கயிறு கட்டியவை. அந்தக் குத்தகை நிலத்தில் இதற்கு முன் பீன்ஸ், அதற்கு முன் முட்டைக்கோஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பூஞ்சை நானூறுக்கும் மேற்பட்ட செடி வகைகளைத் தாக்கக்கூடியது. பீன்ஸ், கோஸ், உருளை, கேரட் எல்லாமே அதில் அடக்கம். மலைக்காய்கறியில் நாம் பயிர் மாற்றுவதாக நினைத்துச் செய்வது, இந்தப் பூஞ்சையைப் பொறுத்தவரை ஒரே பயிரைத் திரும்பத் திரும்பப் போடுவதுதான். வருத்தமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும்: இந்தப் பகுதி நஷ்டத்துக்குக் கிடங்குக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் அறையைப் பூஜ்ஜியத்தில் வைத்திருந்தால் வேகம் இன்னும் குறைந்திருக்கும், அவ்வளவே.

பாலித்தீன் பைக்குள் கறுப்புத் திட்டு

மேல் தோலில் ஒழுங்கில்லாத கறுப்புத் திட்டுகள், சுரண்டினால் அடியில் ஆழம் அதிகம் இல்லை, அதுவும் பை போட்ட மூட்டைகளில் மட்டும். இது பெரும்பாலும் தைலாவியாப்சிஸ் என்ற பூஞ்சையால் வரும் கறுப்பு அழுகல். மண்ணில் இருப்பது, காயம் வழியாக நுழைவது. கழுவும் மிஷினில் கேரட் உருண்டு தேய்ந்து வரும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் ஆயிரம் விழும். ஒரே தொட்டித் தண்ணீரைத் திரும்பத் திரும்ப ஓட்டினால், ஒரு நிலத்து மண்ணில் இருந்த வித்து எல்லாக் கேரட்டிலும் ஒட்டும். பிறகு ஈரத்தோடு பாலித்தீனில் கட்டி, கதகதப்பில் வைத்தால் அது கேட்டதெல்லாம் கிடைத்த மாதிரி.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஸ்கிளிரோட்டினியாவைப் போல இது குளிரில் வளராது. 5 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய அடங்கிவிடும். ஆகவே இந்தக் கறுப்புத் திட்டு இவ்வளவு பரவலாக இருப்பது, உங்கள் கேரட் சில நாட்களாவது சூட்டில் இருந்தது என்பதற்குச் சாட்சி. அந்தச் சூடு எங்கே? மதியம் கட்டிய மூட்டை மறுநாள் மாலை வரை லாரியில் இருந்தது உங்கள் பக்கக் கணக்கு. கிடங்கின் பக்கமும் கணக்கு உண்டு. 8 டன் கேரட்டை 24 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்கு இறக்க, ஏறத்தாழ 1,800 கிலோ ஐஸ் உருகும் அளவு சூட்டை வெளியேற்ற வேண்டும். கேரட் மூச்சு விடுவதால் உண்டாகும் சூடு இதற்கு மேல். வெறும் சேமிப்பு அறையில் மூட்டைகளை இடைவெளி இல்லாமல் அடுக்கினால், அறையின் மீட்டர் 4 டிகிரி காட்டும்போதே மூட்டையின் நடுவே பல நாள் வரை சூடு தங்கியிருக்கும். ராத்திரி மிஷினை நிறுத்தினார்களா என்ற சந்தேகம் இருக்கட்டும். நிறுத்தாமல் ஓட்டியிருந்தாலும் இது நடந்திருக்கும். பொறுப்பு இரண்டு பக்கமும் இருக்கிறது என்பதுதான் என் கருத்து.

சுருக்கமும் சாம்பல் பூஞ்சணமும்

காற்றாடிக்கு எதிரே இருந்த வலைச் சாக்குகளின் கதை நேர் எதிர். அங்கே ஈரம் போதவில்லை. கேரட்டுக்கு அறைக் காற்றில் 98 சதவீதத்துக்குக் குறையாத ஈரப்பதம் வேண்டும். எடையில் 8 சதவீதம் போனாலே தளர்ந்து, விற்க முடியாததாகிவிடும். தளர்ந்த கேரட்டுக்கு நோயைத் தடுக்கும் சக்தியும் குறைந்துவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் போட்ரைட்டிஸ் என்ற சாம்பல் பூஞ்சணம் ஏறும். இதுவும் பூஜ்ஜியம் டிகிரியில் வளரும் ரகம். காற்றிலேயே வித்து பரவும்.

இதில் உங்களிடம் நல்ல ஆதாரம் இருக்கிறது. வைக்கும்போது போட்ட எடைச் சீட்டும் எடுக்கும்போது போட்ட எடைச் சீட்டும் இருக்கின்றன அல்லவா? 50 கிலோ வைத்த வலைச் சாக்கு 44, 45 கிலோ வந்திருந்தால், அந்த அறையின் ஈரப்பதத்தைப் பற்றி வேறு யாரும் சாட்சி சொல்லத் தேவையில்லை.

கசப்பு

இது நோயே அல்ல. ஆப்பிள் பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை விடும். அரை பிபிஎம் அளவு, அதாவது பத்து லட்சத்தில் அரைப் பங்கு, அறைக்காற்றில் இருந்தாலே இரண்டு வாரத்தில் கேரட் கசக்க ஆரம்பிக்கும் என்பது நன்றாக நிரூபிக்கப்பட்ட விஷயம். கேரட்டே தன் உடம்பில் ஒரு கசப்புப் பொருளை உண்டாக்கிக்கொள்கிறது. அது பெரும்பாலும் தோல் பக்கம்தான் சேரும். கேரட்டையும் ஆப்பிளையும் ஒரே அறையில் வைக்கக் கூடாது என்பது கிடங்கு நடத்துகிறவர்களுக்குப் பாலபாடம். உங்களைக் கேட்காமல் அப்படி வைத்திருந்தால், அது முழுக்க அவர்கள் பொறுப்பு.

தரைப்பக்கம் இருந்த இரண்டு மூட்டைகள் கூழாகி நாறியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது பூஞ்சையாக இருக்காது, பாக்டீரியா அழுகல். கூரையிலிருந்தோ குழாயிலிருந்தோ தண்ணீர் சொட்டிய இடமா என்று பாருங்கள். இரண்டு மூட்டை என்பதால் இதை விட்டுவிடுகிறேன்.

இருக்கும் சரக்கை இப்போது என்ன செய்வது?

முதல் வேலை, மீதிச் சரக்கைத் திரும்பக் கிடங்கில் வைக்க நினைக்காதீர்கள். பஞ்சு கண்ட மூட்டையில் அதைத் தொட்டுக்கொண்டிருந்த கேரட்டுகள் இன்று நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இழை இறங்கியிருக்கும். அந்தக் கொத்தோடு சுற்றிலும் இருப்பதையும் சேர்த்து ஒதுக்குங்கள். மற்றதைத் தரம் பிரித்து, மறுபடி கழுவாமல், கிடைக்கும் விலைக்கு மூன்று நான்கு நாளில் விற்றுவிடுங்கள். விலை இன்னும் ஏறும் என்ற ஆசை வேண்டாம். கசப்பு இருப்பதை மண்டியில் சொல்லியே விற்கச் சொல்வேன். தோல் சீவிச் சமைத்தால் கசப்பு கணிசமாகக் குறையும். சொல்லாமல் விற்றால் அடுத்த லோடுக்கு உங்கள் பெயர் அடிபடும்.

வெட்டிக் கொடுக்கும் யோசனைக்கு வருகிறேன். வீட்டில் ஒரு கேரட்டில் சின்னப் புள்ளி இருந்தால், அது கெட்டியான காய் என்பதால், புள்ளியைச் சுற்றியும் அடியிலும் ஓர் அங்குலம் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கலாம். தவறில்லை. ஆனால் பஞ்சு படர்ந்ததும் மெத்தென்று ஆனதும் அந்தக் கணக்கில் வராது. டன் கணக்கில் வெட்டும்போது யாரும் ஓர் அங்குலம் பார்த்து வெட்டப் போவதில்லை. சில பூஞ்சைகள் நச்சுப் பொருளையும் உண்டாக்கும். கொதிக்க வைத்தாலும் அவை எல்லாம் அழிவதில்லை. ஓட்டலில் சாப்பிடுகிறவர்களில் குழந்தையும் இருக்கும், நோயாளியும் இருப்பார். இந்த யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள்.

மாட்டுக்கும் போட வேண்டாம். நல்ல கேரட் மாட்டுக்கு அருமையான தீவனம் என்பதால்தான் உங்கள் கொழுந்தனார் சொல்லியிருப்பார். பூஞ்சணம் பிடித்த கிழங்கு வேறு விஷயம். பூஞ்சை தாக்கிய சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தின்ற மாடுகள் நுரையீரல் பாதித்துச் செத்த நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ள உண்டாக்கும் ஒரு பொருளே அங்கே நஞ்சாகிறது. கேரட்டில் அதே நஞ்சு உண்டாகிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அழுகிய கேரட்டால் மிச்சமாகும் தீவனச் செலவுக்காக ஒரு கறவை மாட்டைப் பணயம் வைக்க வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விட நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புவது உர யோசனையைப் பற்றி. அந்த அழுகலைத் தோட்டத்தில் கொட்டினால், குத்தகை நிலத்தில் மட்டும் இருந்த கறுப்பு மணிகள் உங்கள் சொந்த நிலத்துக்கும் வந்துவிடும். அதன்பின் பல வருடத்துக்கு அந்த மண்ணில் கேரட்டும் பீன்ஸும் போடும்போதெல்லாம் இதே தொல்லை. சாதாரணக் குப்பைக் குழியின் சூடு மணிகளைக் கொல்லப் போதாது. தோட்டத்திலிருந்தும் ஓடையிலிருந்தும் தள்ளி, ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்து மண்ணை நன்றாக மூடுங்கள். மேலே கிடந்தால் காட்டுமாடும் பன்றியும் தேடி வந்துவிடும் என்பது உங்களுக்கே தெரியும். அந்தச் சாக்குகளையும் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

நஷ்டஈடு கேட்க முடியுமா?

நான் வக்கீல் இல்லை. ஆனால் இப்படிப்பட்ட வழக்குகளில் நோயைப் பற்றி விளக்கக் கேட்கிறார்கள் என்பதால் சில அடிப்படைகள் தெரியும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆவது பிரிவின்படி, பிறர் பொருளைப் பொறுப்பில் வாங்கி வைப்பவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளுக்கு எடுக்கும் அளவு கவனத்தை அதற்கும் எடுக்க வேண்டும். அந்தக் கவனம் இருந்ததா என்பதுதான் கேள்வியாகும். சரக்கு கெட்டது என்பது மட்டும் போதாது. கவனக் குறைவால் கெட்டதா என்பதுதான் முக்கியம். ரசீதின் பின்புறம் ‘தரத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று அச்சடித்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி எவ்வளவு தூரம் செல்லும் என்பதை வக்கீலிடம் காட்டிக் கேளுங்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். விவசாயி நுகர்வோர் ஆகமாட்டார் என்ற வாதத்தை, விதை தொடர்பான ஒரு வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சொந்த விளைச்சலை வைத்தவர் என்பதால் உங்களுக்கு அது சாதகம். புகார் கொடுக்க இரண்டு வருட அவகாசம் உண்டு. ஆனால் அழுகல் அவ்வளவு நாள் காத்திருக்காது. ஆதாரத்தை இந்த வாரமே சேகரித்தாக வேண்டும்.

கிடங்கின் வெப்பநிலைப் பதிவேட்டின் நகலையும், உங்கள் சரக்கு இருந்த நாட்களின் மின் தடை, ஜெனரேட்டர் பதிவையும் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் கேட்டால் வாய்ப்பேச்சில்தான் பதில் வரும். ஆப்பிள் பெட்டிகள் அதே அறையில் இருக்கும் படத்தைப் பத்திரமாக வையுங்கள். மாதிரி எடுக்கும்போது முழுக்கக் கூழானதை எடுக்காதீர்கள். நல்ல பகுதியும் நோய்ப் பகுதியும் சேரும் எல்லை தெரியும்படியான கேரட்டுகளாக, ஒவ்வொரு வகை அழுகலுக்கும் ஐந்தாறு எடுங்கள். தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் வையுங்கள், பாலித்தீன் வேண்டாம். எந்த மூட்டை, எந்த இடம் என்று மேலே எழுதுங்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறைக்கு அன்றே கொண்டுபோய்ச் சேர்ப்பது நல்லது. அது முடியாவிட்டால் குன்னூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டி, அவர்கள் மூலம் அனுப்பலாம்.

என் கணிப்பைக் கேட்டால், முழு நஷ்டத்தையும் கேட்டு வழக்குக்குப் போனால் வெள்ளைப் பஞ்சு உங்கள் பக்கம் இருக்கும் பலவீனமாகிவிடும். அதைத் தனியாக ஒதுக்கிவிட்டு, கசப்புக்கும் சுருக்கத்துக்கும் மட்டும் கணக்குப் போட்டு, வாடகையை விட்டுக்கொடுத்து ஒரு பங்கு நஷ்டத்தை ஏற்கும்படி முதலில் பேசிப் பாருங்கள். எடைச் சீட்டும் படமும் மேசையில் இருக்கும்போது பேச்சின் தோரணையே மாறும். ஒத்துவராவிட்டால் வக்கீல் நோட்டீஸ்.

மருந்தில் முக்கி வைக்கலாமா?

வேண்டாம். மருந்துக் கடைக்காரர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அவர் கொடுக்கும் பாக்கெட்டின் லேபிளைப் படித்துப் பாருங்கள். எந்தப் பயிருக்கு, எந்த நோய்க்கு, எந்தப் பருவத்தில், தெளித்து எத்தனை நாள் கழித்து அறுக்க வேண்டும் என்று இருக்கும். அறுவடை முடிந்த கேரட்டை முக்கி வைக்க என்று அதில் இல்லாதபோது அப்படிச் செய்வது தவறு. கேரட்டைக் குழந்தைகள் பச்சையாகக் கடித்துத் தின்கிறார்கள். கிடங்கின் குளிரில் மருந்தின் எச்சம் லேசில் குறையாது. தலைப்பகுதி வழியாக ஏற்கனவே உள்ளே போய்விட்ட பூஞ்சையை மேலே பூசிய மருந்து எட்டவும் செய்யாது.

கழுவும் தண்ணீரைச் சுத்தமாக வைப்பது வேறு விஷயம், அது அவசியம். மண் தங்கிய தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசி அலசலுக்கு லிட்டருக்கு 100 முதல் 150 மில்லிகிராம் குளோரின் உள்ள தண்ணீரும், அதன்பின் நல்ல தண்ணீரும் பயன்படுத்தலாம். பிளீச்சிங் பவுடரைக் கைக்கு வந்தபடி அள்ளிப் போடாதீர்கள்; அளவு பார்க்கும் காகிதப் பட்டை கடைகளில் கிடைக்கிறது. கலங்கிய தண்ணீரில் எவ்வளவு போட்டாலும் மண்ணும் குப்பையும் குளோரினைத் தின்றுவிடும். குளோரின் நோயுற்ற கேரட்டைக் குணப்படுத்தாது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் வழியாகப் போவதை மட்டும் தடுக்கும்.

இனி வைப்பதென்றால்

வைக்கலாம். கேரட் குளிரைத் தாங்கும் காய். முற்றிய, தழை நீக்கிய கேரட்டைப் பூஜ்ஜியம் டிகிரியிலும் நிறைந்த ஈரப்பதத்திலும் ஆறு மாதத்துக்கு மேலும் வைக்க முடியும் என்பது உண்மை. ஐரோப்பாவில் அப்படி மாதக்கணக்கில் வைப்பவர்கள் பெரும்பாலும் கழுவாமலே மரப்பெட்டிகளில் வைத்து, விற்பனைக்கு எடுக்கும்போதுதான் கழுவுகிறார்கள். நம் ஊரில் மண்டிக்குப் போகும் கேரட் பளபளவென்று கழுவிப் போக வேண்டும் என்ற பழக்கம் இருக்கிறது. உடனே விற்கும் சரக்குக்கு அது சரி. நாள் கடத்தி விற்கப் போவதைக் கழுவாமல், ஒட்டிய மண்ணை மட்டும் உதிர்த்து வைப்பதே மேல். மழையில் பிடுங்கிய, சேறு அப்பிய கேரட்டை வைக்கவே கூடாது. அதை அன்றைய விலைக்கே தள்ளிவிடுங்கள்.

சிவப்புக் கயிறு நிலத்துக் கேரட்டை எந்தக் காரணத்துக்காகவும் கிடங்குக்கு அனுப்பாதீர்கள். அந்த நிலத்தில் இரண்டு மூன்று பருவமாவது பூண்டோ ஓட்ஸ் போன்ற புல்வகைத் தீவனமோ போட முடியுமா என்று வீட்டில் பேசுங்கள். இவற்றை ஸ்கிளிரோட்டினியா பெரும்பாலும் தொடாது. மணிகள் ஒரேயடியாக ஒழிந்துவிடாது, ஆனால் எண்ணிக்கை குறையும். குத்தகையைப் புதுப்பிக்கும்போது வாடகையைப் போலவே, முன்பு என்ன பயிர், அதில் வெள்ளைப் பஞ்சு கண்டதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிடுங்கியது முதல் குளிர் அறை வரை உள்ள நேரத்தைச் சுருக்குவதில்தான் உங்களுக்கு அதிக லாபம் கிடைக்கும். விடிகாலையில் பிடுங்கி, ஒடிந்ததையும் கீறியதையும் அங்கேயே கழித்து, அன்று மாலைக்குள் அறைக்குள் போய்ச் சேர வேண்டும். அது முடியாத நாளில் அனுப்பாதீர்கள். மூட்டையைவிட ஓட்டையுள்ள பிளாஸ்டிக் கிரேட் நல்லது. குளிர்காற்று நடுவே போகும், கேரட்டும் நசுங்காது. பாலித்தீன் விரிப்பு போட்டே ஆக வேண்டும் என்றால் துளையிட்டதாக, வாய் கட்டாததாக இருக்கட்டும்.

கிடங்கைத் தேர்ந்தெடுக்கும்போது வாசல் மீட்டரைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். அறையைப் பூஜ்ஜியத்துக்கும் ஒன்றுக்கும் இடையே நிலையாக வைக்க முடியுமா என்று கேளுங்கள். கேரட் மைனஸ் ஒன்று, ஒன்றரை டிகிரி பக்கத்தில் உறைந்துவிடும் என்பதால், ஏறி இறங்கும் மிஷினில் பூஜ்ஜியம் ஆபத்து. பல சரக்கு வைக்கும் அறைகளில் 4 டிகிரி வைப்பதற்குக் காரணம், உருளைக்கிழங்கு போன்றவை பூஜ்ஜியத்தில் கெட்டுவிடும் என்பதுதான். அப்படிப்பட்ட அறை கேரட்டுக்கு நீண்ட நாள் வீடாகாது. ஈரப்பதம் எவ்வளவு, கூட என்ன சரக்கு இருக்கும், ஒரு நாளில் எத்தனை டன் ஏற்றுவார்கள் என்பதையும் கேட்டு, ஆப்பிளோ வேறு பழமோ வைக்க மாட்டோம் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வெப்பநிலையைத் தானாகப் பதிவுசெய்யும் சின்ன டேட்டா லாகர் ஒன்றை உங்கள் செலவிலேயே வாங்கி, மூட்டை நடுவே வைத்துவிடுங்கள். அடுத்த முறை ராத்திரியில் மிஷின் ஓடியதா இல்லையா என்று யாரும் சண்டை போட வேண்டியிருக்காது.

நாளைக் கணக்கிலும் ஆசையைக் குறையுங்கள். இப்போது கிடைக்கும் 4 டிகிரி பல சரக்கு அறையில் கழுவிய கேரட் என்றால் மூன்று, நான்கு வாரம்தான் நான் வைக்கச் சொல்வேன். எட்டு வாரம் மூடியே வைத்திருந்தது உங்கள் நஷ்டத்தைப் பெருக்கிய முக்கியக் காரணம். பத்து நாளுக்கு ஒரு முறை போய், வெவ்வேறு இடத்திலிருந்து நாலைந்து மூட்டையைப் பிரித்து நடுவில் கைவிட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டு கேரட்டில் பஞ்சு தெரிந்தால் அந்த வாரமே மொத்தத்தையும் எடுத்துவிடுங்கள், விலை என்னவாக இருந்தாலும்.

பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். கறுப்புத் திட்டுக்குக் காரணம் தைலாவியாப்சிஸ் இல்லை, ஆல்டர்னேரியா என்ற இன்னொரு பூஞ்சை என்று வந்தால், அது விதை வழியாகவும் வரக்கூடியது. குளிரிலும் மெல்ல வளரும். அப்போது சூட்டைப் பற்றி நான் மேலே சொன்ன வாதத்தைக் கிடங்குக்காரரிடம் வைக்காதீர்கள். அடுத்த போகத்துக்கான விதையையும் வெந்நீரில் நேர்த்தி செய்ய வேண்டியிருக்கும், 50 டிகிரியில் 20 நிமிடம். அதனால் முடிவு வரும்வரை புது விதைப் பாக்கெட்டைப் பிரிக்க வேண்டாம்.